நாலாவது கழுவல்

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து பரிமளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு லேபில் என் வேலையைப் பார்ப்பது அவள்தான்.

"அண்ணே, லேபைப் புதுக் கட்டடத்துக்கு மாத்துறாங்கண்ணே. பழசையெல்லாம் கழிச்சுக்கினு இருக்கிறாங்க. கழுவுற தொட்டிக்கு மேல கண்ணாடி போட்டு ஒரு படம் இருக்குதே, குடுவையும் ஆறு விரல் வச்ச கையும். அது இன்னா படம்ணே? எடுத்துக்கினு போகணுமா, தூக்கிப் போட்டுடலாமா?"

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

"ஒரு படத்துக்கு இன்னாண்ணே அவ்ளோ யோசனை!" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

அந்த யோசனைதான் இது. எனக்கு எழுத வராது. கையெழுத்து மட்டும் போடுவேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கலாம் என்றதும் அவள்தான். நடுநடுவே "மாமா, விஷயத்துக்கு வாங்க" என்கிறாள். வருகிறேன். எனக்கு எல்லாமே சுற்றித்தான் வரும்.

நான் பிள்ளையார்பாளையத்துக்காரன். எங்கள் வீட்டில் பட்டுக்குச் சாயம் தோய்க்கிற வேலை. ஐந்து வயதிலேயே சாயப் பட்டறையில் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் என்ற இடத்துக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது தண்ணீர் இறைக்கிற வேலைக்கு வந்தபோதுதான். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். சின்ன காஞ்சிபுரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி. நாலைந்து வருஷம் தண்ணீர் இறைத்தேன். லேபில் இருந்த அட்டெண்டர் கண் தெரியாமல் வேலையை விட்டார். "கண்ணாடிச் சாமான் கழுவுவியா?" என்றார்கள். சாய ஏனம் கழுவினவனுக்குக் கண்ணாடிச் சாமான் என்ன பெரிய காரியம் என்று தலையாட்டினேன். நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்.

பாட்டில்களின் பெயர் எனக்குப் படிக்கத் தெரியாது. இடத்தை வைத்துத் தெரியும். கந்தக அமிலம் என்றால் கீழ்த் தட்டு, வலது ஓரம், கண்ணாடி மூடி. நைட்ரிக் அதற்குப் பக்கத்தில், பழுப்பு பாட்டில். யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். ஆனாலும் அத்தனை வருஷத்தில் ஒரு பாட்டிலையும் நான் மாற்றி எடுத்துக் கொடுத்ததில்லை.

வேதியியலுக்கு சாரதி சார் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருக்காரர். ஒல்லியான ஆள். வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார். மற்றவர்கள் பார்ப்போம் என்றால் முடியாது என்று அர்த்தம். அவர் சொன்னால் நிஜமாகவே உட்கார்ந்து பார்ப்பார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். என்னையும் அப்படித்தான்.

அவர் கொண்டுவந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். லேபின் மூலையில் சின்னதாக ஒரு கரும்பலகை மாட்டினார். அதற்குப் பெயர் தப்புப் பலகை. சோதனையில் யார் தப்புச் செய்தாலும் என்ன தப்பு என்று அவர்களே அதில் எழுதி, கீழே பெயர் போட வேண்டும். திட்டு கிடையாது, முட்டி போடுவது கிடையாது. ஆனால் ஏப்ரல் மாதம்வரை யாரும் அதை அழிக்கக் கூடாது. பலகை மாட்டிய அன்றைக்கு முதல் ஆளாக அவரே எழுதினார். என்ன எழுதினீர்கள் சார் என்று கேட்டேன். "பர்னரை அணைக்காம வீட்டுக்குப் போயிட்டேன். நீங்க அணைச்சீங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்" என்றார். ஏப்ரல் கடைசியில் ஈரத்துணி வைத்துப் பலகையை அழிப்பது என் வேலை.

"மாமா, நானோவுக்கு வாங்க" என்கிறாள் மருமகள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து சாரதி சார் சென்னைக்கு ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் நானோ மன்றம் ஆரம்பித்தார். நானோ என்றால் என்ன என்று எனக்குத் தனியாகச் சொன்னார். "உங்க தலைமுடி ஒண்ணை எடுத்து, அதோட அகலத்தை லட்சம் துண்டு போடுங்க முனுசாமி. அதுல ஒரு துண்டு." எனக்கு அப்போதே முடி கொஞ்சம்தான். "இருக்கிறதையும் வெட்டச் சொல்றீங்களே சார்" என்றேன். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அதுவும் ஒன்று.

மன்றத்தில் இருபது பிள்ளைகள். வெள்ளிக்கிழமைதோறும் மதியம் கூடுவார்கள். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஏன் ஒட்டாமல் உருளுகிறது என்று பார்ப்பார்கள். கண்ணாடிச் சில்லில் மெழுகுவத்திப் புகையைப் படியவிட்டு, அதன்மேல் சொட்டு விட்டு உருட்டுவார்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி, நிறமே இல்லாத நகப்பூச்சை ஒரு சொட்டு விட்டால் அது மெல்லிசாகப் பரவும். அடியில் கறுப்புக் காகிதத்தை விட்டு அப்படியே தூக்கிக் காயவைத்தால் காகிதமெல்லாம் பச்சையும் நீலமும் ஊதாவுமாக மின்னும். அதை வெட்டி ஒட்டி மீன் செய்வார்கள், வண்ணத்துப்பூச்சி செய்வார்கள். அறிவியல் லேபா படம் வரைகிற இடமா என்று வாசலில் நின்று தலைமை ஆசிரியர் முணுமுணுப்பார்.

எங்கள் பட்டில் மயில் கழுத்து என்று ஒரு நிறம் உண்டு. பாவு என்கிற நீள நூலில் ஒரு நிறம், ஊடை என்கிற குறுக்கு நூலில் வேறு நிறம், இரண்டும் சேர்ந்து அசைகிறபோது அப்படித் தெரியும். அதற்கு நான் எத்தனையோ தடவை நூல் தோய்த்திருக்கிறேன். ஆனால் நிஜ மயிலின் கழுத்தில் நீலச் சாயமே இல்லை, இறகுக்குள் இருக்கிற நுணுக்கமான அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத்தான் நீலம் வருகிறது என்று அந்த லேபில்தான் கேட்டேன். சாயமே இல்லாமல் ஒரு நிறம்!

மன்றத்தில் எஸ்தர் என்று ஒரு பெண். ஒன்பதாம் வகுப்பு. திருப்புட்குழியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அம்மா நெல் அவிக்கிற இடத்தில் கூலி வேலை. எஸ்தருக்குக் கை நன்றாக வரையும். எனக்குப் படிக்க வராது என்று எப்படியோ தெரிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாப் பாட்டிலுக்கும் படம் போட்ட லேபிள் வரைந்து ஒட்டினாள். அமிலத்துக்குப் பாம்பு, காரத்துக்குச் சோப்பு, சிட்ரேட்டுக்கு எலுமிச்சம்பழம். "மன்றத்துக்காகப் போட்டேன் சார்" என்று சாரிடம் சொன்னாள். அது யாருக்காக என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எந்தப் பாட்டில் எந்தத் தட்டில் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

அடுத்த தை மாதம் சாரதி சார் தங்கத்தைக் கொண்டுவந்தார்.

சின்னப் பழுப்பு பாட்டிலில் தங்கம் கரைந்த தண்ணீர். வெளுத்த மஞ்சள் நிறம். குடுவையை அவரே கழுவினார். தங்கத்தையே கரைக்கிற ராஜ திராவகம் விட்டுச் சுழற்றி, கொட்டி, காய்ச்சி வடித்த வடிநீரால் மூன்று தடவை அலசினார். தங்கத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, எலுமிச்சம்பழ லேபிள் ஒட்டிய சிட்ரேட் கரைசலைச் சட்டென்று ஊற்றினார். மஞ்சள் போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு சாம்பல், பிறகு கறுத்த நீலம், பிறகு கத்தரி. கடைசியில் சிவப்பு. குங்குமச் சிவப்பு இல்லை, அரக்கு இல்லை. மாதுளையைப் பிழிந்து வெயிலில் தூக்கிப் பிடித்த மாதிரி. ஜரிகையில் மஞ்சளாக மின்னுகிற அதே தங்கம், அவ்வளவு பொடியாக இருந்தால் சிவப்பாம். ஐம்பது வருஷம் சிவப்புத் தோய்த்த குடும்பத்துக்காரன் நான். அந்தச் சிவப்பு எங்கள் பட்டறையில் என்றைக்கும் விழுந்ததில்லை.

சென்னையில் மாணவர் கண்காட்சி வந்தது. பள்ளிக்கு ஒருவர்தான் மேசைக்கு முன்னால் நின்று செய்துகாட்டலாம். எஸ்தரும் கார்த்தி என்ற பையனும் போட்டிக்கு நின்றார்கள். செவ்வாயிலிருந்து மூன்று நாள் காலையில் இருவரும் தனித்தனிக் குடுவையில் செய்ய வேண்டும். யாருக்குச் சிவப்பு நன்றாக வருகிறதோ அவர்கள் போகலாம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெயரைத் தலைமை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

தினமும் ராஜ திராவகம் கட்டுப்படியாகாது என்று சார் எனக்கு முறை சொல்லிக்கொடுத்தார். சோப்பு, குழாய்த் தண்ணீர், பிறகு வடிநீரில் மூன்று கழுவல். மூன்றே மூன்று.

செவ்வாய்க்கிழமை கார்த்திக்குச் சிவப்பு வந்தது. எஸ்தருக்கு நீலம். நாவல்பழத்தைத் தின்று துப்பின மாதிரி இருந்தது. புதன்கிழமையும் நீலம். வியாழக்கிழமை நீலம் வந்து, அடியில் கறுப்பாகப் படிந்தும்விட்டது.

"இன்னாடி, தங்கத்தைக் கூட கரியாக்கிட்ட" என்றான் கார்த்தி.

"உன் வேலையைப் பாருடா."

"நான் என் வேலையைப் பார்த்துத்தான் சிவப்பா வந்துச்சு."

சார் அவளுடைய அளவைப் பார்த்தார், சூட்டைப் பார்த்தார், ஊற்றுகிற வேகத்தைப் பார்த்தார். எதிலும் குறையில்லை. மூன்று நாளும் அவள் பலகையில் எழுதினாள். நீலம், காரணம் தெரியவில்லை, எஸ்தர். தினமும் ஒரு வரி.

வெள்ளிக்கிழமை காலையில் போட்டி இல்லை. மன்றம் முழுவதையும் உட்காரவைத்து சார் பாடம் நடத்தினார். கார்த்தி செய்த சிவப்பில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்தார். என்னிடம் திரும்பி, "முனுசாமி, நீங்க கைகழுவுற இடத்துல கல்லுப்பு வச்சிருக்கீங்களே, கொஞ்சம் கரைச்சுக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். நாலு சொட்டு விட்டார்.

சிவப்பு நீலமாகிவிட்டது.

"துகள் எல்லாம் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்குது. அதனால சிவப்பு. உப்பு வந்தா அந்தத் தள்ளல் போயிடும். போய் ஒட்டிக்கும். ஒட்டினா நீலம்" என்றார்.

"சிட்ரேட்டும் ஒரு உப்புன்னு சொன்னீங்களே சார்?" என்றாள் ஒரு சின்னப் பெண்.

"அது தங்கத்தைச் சுத்தி வேலி கட்டுற உப்பு. இது வேலியைப் பிடுங்குற உப்பு."

தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சாயப் பட்டறையில் புது நிறம் இறக்குவதற்கு முன்னால் எங்கள் அப்பா ஏனத்தில் ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டுத் தண்ணீர் விட்டு உருட்டிக் கொட்டுவார். அதற்குமேல் கழுவ மாட்டார். பழைய நிறம் பிடியை விடும், புது நிறம் பிடித்துக்கொள்ளும் என்பார். ஏனத்துக்கு உப்புக் காட்டுவது என்று பெயர். எஸ்தர் போட்டிக்கு முதல் நாள் என்னிடம் வந்து, "அண்ணே, எனக்கு நல்ல குடுவையாப் பார்த்துக் குடுங்கண்ணே" என்றாள். எனக்கு லேபிள் வரைந்து கொடுத்த பெண். எல்லாக் குடுவையையும் மூன்று தடவை கழுவினேன். அவளுடையதை மட்டும் நாலு தடவை. நாலாவது கழுவல் உப்புத் தண்ணீர், கெட்டியாகக் கரைத்தது. ஈரம் காயாமல் அப்படியே எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மூன்று நாளும்.

அப்போது மணி பதினொன்று. மூன்று மணிக்குப் பெயர் போய்விடும்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வருஷம் தலைமை ஆசிரியர் என்னை லேபிலிருந்து எடுத்துவிட்டு கேட்டில் உட்காரவைக்க யோசித்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரிந்த ஆள்தான் லேபுக்கு வேண்டும் என்று என் காதுபடவே இரண்டு தடவை சொல்லியிருந்தார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கேட்டில் உட்காருவது கேவலமில்லை. ஆனால் இருபது வருஷம் கழுவிய சாமான்களை விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்து, உள்ளே என்ன நிறம் வருகிறதென்று தெரியாமல் இருக்க வேண்டும். டீக்கடைக்குப் போனேன். டீ ஆறிப் போகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தேன். கழுவின சாமானையே திரும்பக் கழுவினேன்.

இரண்டு மணிக்கு எஸ்தர் வந்தாள். அவளுடைய மேசையைத் துடைத்தாள்.

"கார்த்தி நல்லாப் பண்ணுவான்ணே. அவனுக்கு சார்ட் மட்டும் நான் வரைஞ்சு குடுத்துடுறேன்."

"நீ போகலையாம்மா?"

"என் கைக்கு வரலண்ணே. எங்கம்மா வேற புது யூனிபார்ம் தைக்கக் குடுத்துட்டு வந்துருக்குது. இன்னிக்குப் போய் வேணாம்னு சொல்லணும்."

துடைத்த துணியை மடித்து என்னிடம் கொடுத்தாள். அதை வாங்கிய கையோடு நான் சாரதி சார் அறைக்குப் போனேன்.

"சார், அந்த நீலம் அவளுது இல்ல சார். என்னுது."

பேனாவை மூடினார். "உக்காருங்க."

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் சார் மூன்று கேள்வி கேட்டார். எவ்வளவு உப்பு, எத்தனை நாள், யார் யார் குடுவைக்கு. சொன்னேன்.

"எஸ்தருக்கு மட்டும் ஏன்?"

"அவளுக்கு நல்லா வரணும்னு சார்."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். சிரிக்கவில்லை. "பலகைக்கு வாங்க" என்றார்.

பலகையில் அவரவர் தப்பை அவரவர்தான் எழுத வேண்டும். "எனக்குத்தான் எழுத வராதே சார்."

"வரையலாமில்ல?"

சாக்பீஸை வாங்கினேன். ஒரு குடுவை போட்டேன். பக்கத்தில் ஒரு கை, கையிலிருந்து விழுகிற உப்பு. கீழே என் கையெழுத்து. பின்னால் எஸ்தர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மூணு நாளா என் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனேன்ணே" என்றாள்.

சாக்பீஸைக் கீழே வைத்தேன். அவள் படத்துக்குக் கிட்டே வந்து, "கையில ஆறு விரல் இருக்குது" என்றாள். எண்ணிப் பார்த்தேன். ஆமாம், ஆறு.

இரண்டரை மணிக்குத் தலைமை ஆசிரியர் வந்தார். சார் விஷயத்தைச் சொன்னார். "உப்புப் போட்டவரையே திரும்பவும் கழுவச் சொல்றீங்களா?" என்றார் தலைமை ஆசிரியர்.

"அவர்தான் கழுவணும்" என்றார் சார்.

எல்லோரும் பார்க்கக் கழுவினேன். சோப்பு, குழாய்த் தண்ணீர். வடிநீர் ஒன்று. இரண்டு. மூன்று. என் வலது கை தானாகவே உப்புச் சட்டி பக்கம் நகர்ந்தது. பட்டறையில் பழகிய கை. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். கார்த்திதான் முதலில் சிரித்தான். குடுவையை எஸ்தரிடம் கொடுத்தேன்.

கொதித்தது. சிட்ரேட்டை ஊற்றினாள். மஞ்சள் போனது. சாம்பல் வந்தது. கறுத்த நீலம் வந்தது. மூன்று நாளும் அந்த இடத்தில்தான் நின்றது. "திரும்பவும் நீலம்தானே?" என்றார் தலைமை ஆசிரியர்.

"பார்ப்போம்" என்றார் சாரதி சார்.

ஓரத்தில் முதலில் கத்தரி தெரிந்தது. அப்புறம் அடியிலிருந்து ஏறியது. மாதுளைச் சிவப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவள் சட்டையிலும் என் கழுவுத் தொட்டியிலும் அந்தச் சிவப்பு விழுந்து ஆடியது.

கார்த்தியே, "இது என்னுதைவிட நல்லா இருக்குது சார்" என்றான்.

தலைமை ஆசிரியர் ஜேபியிலிருந்து தாளை எடுத்தார். எஸ்தர் பெயரை எழுதினார். வாசலில் நின்று திரும்பி என்னைப் பார்த்து, "கேட்டுக்கு வேற ஆள் பார்த்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சென்னைக்கு நானும் போனேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பரிசு வேறு பள்ளிக்குப் போனது. ஆனால் எஸ்தர் மேசையில்தான் கூட்டம். சிவப்பில் உப்புச் சொட்டு விட்டு நீலமாக்கிக் காட்டினாள். எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க என்று கேட்டவர்களிடம், "எங்க லேப்ல ஒருத்தரு தப்புப் பண்ணாரு. அவரே வந்து சொன்னாரு" என்றாள். பெயரைச் சொல்லவில்லை. நான் பின்னால் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் வந்தது. ஈரத்துணியோடு பலகைக்குப் போனபோது சார் ஒரு அட்டையை நீட்டினார். "உங்களுதை மட்டும் இதுல ஒரு தடவை வரைஞ்சுட்டு அழிங்க." வரைந்தேன். இந்தத் தடவையும் ஆறு விரல் வந்தது. எஸ்தர் அவளுடைய சிவப்புத் தண்ணீரில் வேலம்பிசின் கலந்து, நான் வரைந்த குடுவைக்குள் பூசினாள். பிசின் இல்லாமல் பூசினால் காயும்போது துகள்கள் ஒட்டிக்கொண்டு நீலமாகிவிடும். காயக் காயப் பத்துத் தடவை பூசினாள். படத்துக்குக் கண்ணாடி போட்டுத் தொட்டிக்கு மேல் சார் மாட்டினார். பிறகு எஸ்தருடைய மூன்று வரிகளையும் அழித்தேன். என்னுடையதைக் கடைசியாக அழித்தேன்.

நேற்று பரிமளாவுக்கு நானே போன் செய்தேன்.

"இன்னாண்ணே, யோசிச்சு முடிச்சிட்டீங்களா?"

"அந்தப் படத்துக்கிட்டப் போம்மா. குடுவைக்குள்ள இன்னா நிறம் இருக்குதுன்னு பார்த்துச் சொல்லு."

நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துணியால் தேய்க்கிற சத்தமும் கேட்டது.

"சிவப்புண்ணே. கோடெல்லாம் மங்கிப்போச்சு. இது மட்டும் நல்ல சிவப்பா இருக்குது."

"அப்ப எடுத்துக்கினு போ" என்றேன்.